கோழித் தீவனத்துக்குப் போன உயிர்காக்கும் மருந்து: யார் இந்த சுப்பாராவ்?

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமம். கறவை மாட்டுக்கு மடி வீங்கிப் போச்சு என்று வைத்துக்கொள்வோம். கால்நடை மருத்துவர் ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார். போகும்போது, நான் சொல்ற நாள் வரைக்கும் இந்தப் பாலை சொசைட்டிக்கு ஊத்தாதீங்க என்கிறார். மாடு ரெண்டு நாளில் தேறிவிடுகிறது. அப்புறமும் ஏன் காத்திருக்கணும்? காரணம் புரிய, சென்னையில் டாக்டருக்குப் படித்த ஒருவரின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது.

அண்ணன் தம்பியைப் பறிகொடுத்தவர்

எல்லப்பிரகட சுப்பாராவ், 1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷனில் ரெண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார்.

இதற்கிடையே, ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்கு உடன்பிறந்த ரெண்டு பேரை அடுத்தடுத்துப் பறிகொடுத்தார். மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்ற வெறியோடு அமெரிக்கா போனார். திரும்பி வரவே இல்லை.

ஒரே ஆள், இத்தனை மருந்தா?

ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தவர், 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. ரத்தப் புற்றுநோய்க்கான ஆரம்பகால மருந்துகள் அங்கிருந்து வந்தன. நம்ம ஊரில் யானைக்கால் நோய்க்குக் கொடுக்கும் டி.இ.சி. மாத்திரையும் அங்கே பிறந்ததுதான்.

அவர் தலைமையின்கீழ் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து பொன்னிற மருந்து ஒன்றை எடுத்தார். பெயர் ஆரியோமைசின். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. 1948-ல் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் தூக்கத்திலேயே காலமானார். வயது 53.

தீவனத்துக்கு எப்படிப் போச்சு?

அவர் இறந்த சில மாதங்களில், அதே நிறுவனத்தின் தாமஸ் ஜூக்ஸ், மருந்து தயாரித்தபின் மிஞ்சிய கழிவைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர் தேடியது வைட்டமின் பி12. ஆனால் குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக எடை கூடின. கழிவில் ஒட்டியிருந்த ஆன்டிபயாடிக்தான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. 1950-களில் நோயே இல்லாத கோழி, பன்றி, மாடுகளுக்கும் தினமும் துளித்துளியாக ஆன்டிபயாடிக் போக ஆரம்பித்தது.

அதில் என்ன ஆபத்து?

குறைந்த அளவு மருந்து பலவீனமான கிருமிகளைத்தான் கொல்லும். தாக்குப்பிடித்தவை பெருகும். அந்தத் திறனுக்கான மரபணுவை வேறு வகைக் கிருமிகளுக்கும் கைமாற்றும். இறைச்சி, சாணம், எரு, தண்ணீர், பண்ணையில் வேலை செய்பவரின் கை என எந்த வழியிலும் அவை மனிதருக்கு வரலாம். மருந்துக்குப் பழகுவது மாடோ மனிதரோ இல்லை, கிருமி.

1969-ல் பிரிட்டனின் ஸ்வான் குழு இதை எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை முழுசாகத் தடை செய்தது. மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொடுக்க இந்தியா 2019-ல் தடை போட்டது.

அப்போ ஊசியே போடக் கூடாதா?

நோய் வந்த மாட்டுக்கு மருந்து கட்டாயம் வேணும். ஆனால் மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன நாள் முழுக்கக் கொடுக்கணும். மீந்த மருந்தைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போடக் கூடாது. ஊசி போட்ட பிறகு சில நாள் பாலில் மருந்து கலந்து வரும். அந்தப் பாலில் தயிர்கூடச் சரியாக உறையாது, ஏன்னா உறைய வைக்கும் நல்ல கிருமியையும் மருந்து தடுத்துவிடும். அதே துளி மருந்து நம் குடலுக்கும் போகும். மருத்துவர் நாள் கணக்குச் சொல்வது இதற்காகத்தான்.

உடன்பிறந்தவர்களைக் காப்பாற்ற மருந்து இல்லாத காலத்தில் தொடங்கியது சுப்பாராவின் ஓட்டம். இன்று மருந்து இருக்கு. அது வேலை செய்யணும் என்றால், மருத்துவர் சொன்ன நாள் வரைக்கும் பாலை விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும்.