குடிமக்களுக்கு ஒரு பெயர் தேடியவர்

குனோங் ராபாட்டிலிருந்து தெற்கே, சிம்பாங் பூலாயைத் தாண்டினால் கோப்பெங். அவ்வட்டாரத்தில் 1911இல் பிறந்தவர் டாக்டர் புர்ஹானுடின் அல்-ஹெல்மி. 1945 அக்டோபரில் ஈப்போவில் தோன்றிய மலாய் தேசியக் கட்சிக்கு அவர் பின்னர் தலைவரானார்.

மலாயா விடுதலை பெற்றால் அதன் குடிமக்களை எப்படி அழைப்பது? அவர் கட்சி முன்னின்ற புத்ரா கூட்டணி 'மெலாயு' என்றது. ம.இ.கா.வும் தொழிற்சங்கங்களும் அடங்கிய, டான் செங் லோக் தலைமையிலான கூட்டமைப்பில் பலர் 'மலாயன்' என்பதையே விரும்பினர். மலாய்க்காரர்களுக்கோ அச்சொல் மலாயன் யூனியனை நினைவூட்டியது. இறுதியில் 1947ஆம் ஆண்டு மக்கள் அரசியலமைப்பில் இரு தரப்பும் 'மெலாயு'வை ஏற்றன. மலாயாவைத் தாயகமாகக் கொண்ட எவ்வினத்தவருக்கும் அப்பெயர் உரியது. அதற்கும் மதத்துக்கும் தொடர்பில்லை என்றும் எழுதினர்.

பிரிட்டிஷார் செவிசாய்க்கவில்லை. 1947 அக்டோபர் 20இல் நாடெங்கும் கடையடைப்பு நடந்தது. ஆயினும் 1948 பிப்ரவரி 1இல் அவர்கள் விரும்பிய மலாயாக் கூட்டரசே அமைந்தது.

புர்ஹானுடின் 1956இல் பாஸ் கட்சித் தலைவரானார், 1959இல் பெசுட் நாடாளுமன்ற உறுப்பினரானார், 1965இல் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார், 1969இல் மறைந்தார். அவர் முன்வைத்த பெயர் நிலைக்கவில்லை. பல இனத்தவர் கூடிப் பேசி, விட்டுக்கொடுத்து ஒரே பெயருக்கு இணங்கிய அந்த 1947ஐ மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.