தம்பிக்காக உயிர் தாங்கிய திலகவதியார்

திருக்கோயில்களில் தேவாரம் ஒலிக்கும் பொழுதெல்லாம் நாம் திருநாவுக்கரசு சுவாமிகளை நினைந்து வணங்குகின்றோம். அவரைச் சைவ உலகுக்கு மீட்டுத் தந்த தமக்கையாரை நினைப்பவர் சிலரே. நாயன்மார் 63 பேர் வரிசையில் திலகவதியார் பெயர் இல்லை. எனினும் அவ்வம்மையார் ஒரு நாள் சாவைத் துறந்து வாழ்வை ஏற்றிராவிடில், அப்பர் பெருமான் நமக்குக் கிடைத்திருப்பாரா என்பது ஐயமே.

திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரில் வாழ்ந்த வேளாளர் புகழனார். அவர்தம் மனைவியார் மாதினியார். இவ்விருவருக்கும் மூத்த மகளாகத் திலகவதியாரும், சில ஆண்டுகள் கழித்து மருணீக்கியாரும் பிறந்தனர். அம்மையாருக்கு 12 வயது நிரம்பும் வேளையில், அரசனிடம் படைத்தலைவராய் விளங்கிய கலிப்பகையாருக்கு மணம் பேசி முடித்தனர். மணநாள் வருமுன்னரே அரசன் ஆணைப்படி கலிப்பகையார் வடபுலப் போருக்குப் புறப்பட்டார்.

அதன்பின் இடிமேல் இடி விழுந்தது. புகழனார் நோயுற்று மறைந்தார். கணவரைப் பிரிந்திருக்க இயலாத மாதினியாரும் உடன் உயிர் நீத்தார். பிள்ளைகள் இருவரும் சுற்றத்தார் துணையோடு ஈமக்கடன்களை முடித்துக் கண்ணீர் உலராதிருந்த நிலையில், கலிப்பகையார் போர்க்களத்தில் வீழ்ந்த செய்தி வந்தது.

பெற்றோர் தம்மை அவருக்கென்றே உறுதி செய்தமையால் தம் உயிரும் அவருக்கே உரியது எனத் துணிந்து, திலகவதியார் இறக்க முடிவு செய்தார். அப்பொழுது இளம் பாலகரான மருணீக்கியார் தமக்கையின் அடிகளில் விழுந்து புலம்பினார். அன்னையும் தந்தையும் போன பின்பும் தாம் உயிரோடிருப்பது தமக்கை இருக்கின்றார் என்பதனால்தான் என்றும், அவரும் போவாராயின் தாமே முன்னர்ப் போவதாகவும் கூறி அழுதார். அந்த அழுகை அம்மையாரின் துணிவை மாற்றியது. தம்பி வாழ வேண்டும் என்பதற்காகத் தாம் உயிர் தாங்கினார். மங்கல நாண் அணியாமலே, எல்லா உயிர்களிடத்தும் அருள் பூண்டு, இல்லத்திலிருந்தே தவநெறி நின்றார். துயரம் அவரை விட்டு அகலவில்லை. அன்பு அத்துயரத்தினும் பெரிதாயிற்று.

ஆனால் அத்தம்பியும் ஒரு நாள் பிரிந்தார். வளர்ந்த மருணீக்கியார் தண்ணீர்ப் பந்தரும் அறச்சாலையும் அமைத்து அறம் பல செய்தார். நிலையாமையை எண்ணி மெய்ந்நெறி தேடியவர், பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியை அடைந்து, அந்நூல்களில் வல்லவராகித் தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றார். யாருக்காக உயிரை வைத்திருந்தாரோ அவரே வேற்று நெறி சென்றபோது, அம்மையார் அவரை இகழவும் இல்லை, மறக்கவும் இல்லை. கெடிலக் கரையிலுள்ள திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, வைகறையில் அலகிடுதல், மெழுகுதல், மலர் பறித்து மாலை தொடுத்தல் ஆகிய பணிகளைச் செய்துகொண்டே தம்பிக்காக இறைவனிடம் முறையிட்டு வந்தார். இறைவன் கனவில் தோன்றித் தம்பியை ஆட்கொள்வதாக அருளினான்.

தருமசேனரைக் கொடிய சூலை நோய் பற்றியது. மந்திரமும் மருந்தும் பயன்படாத நிலையில் அவருடைய மனம் தமக்கையை நாடியது; சமையற்காரனை அனுப்பினார். அம்மையார் அங்கு வர இசையவில்லை. இரக்கம் இன்மையால் அன்று. தம்பியே எழுந்து வரவேண்டிய வேளை அது. இரவோடிரவாக நடந்து வந்து அடிகளில் விழுந்தவரை எடுத்து, திருவைந்தெழுத்தை ஓதித் திருநீறு அளித்தார். பொழுது புலருமுன் அலகும் மெழுகும் தோண்டியும் ஏந்தித் தாம் பணிக்குச் செல்லும்போது தம்பியையும் உடனழைத்துச் சென்றார். வீரட்டானேசுவரர் திருமுன் முதற் பதிகம் பிறந்தது, சூலை நீங்கியது, நாவுக்கரசு என்னும் திருநாமம் கிட்டியது. இவ்வரலாற்றை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் உள்ளம் உருகப் பாடியுள்ளார்.

பின்னர் நீற்றறையில் 7 நாள் இருந்தும், நஞ்சு ஊட்டப்பட்டும், கல்லோடு கட்டிக் கடலில் இடப்பட்டும் நாவுக்கரசர் கலங்கவில்லை. 81 வயது வரை ஊர்தோறும் உழவாரம் ஏந்திக் கோயில் முற்றங்களைச் செதுக்கித் திருப்பணி செய்தார். தமக்கையார் கையிலிருந்த திருவலகே தம்பியார் கையில் உழவாரப் படையாயிற்று எனலாம். அவர் அருளிய பதிகங்கள் 4, 5, 6ஆம் திருமுறைகளாக இன்றும் நம்மை வாழ்விக்கின்றன.

பெற்றோரை இழந்தபின் தம் வாழ்வைப் பின்னிறுத்தித் தம்பி தங்கையரை ஆளாக்கிய தமக்கையர் நம் குடும்பங்களிலும் உண்டு. வழி மாறிச் சென்ற பிள்ளைக்காக விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் தாய்மாரும் உண்டு. அவர்கள் அனைவருக்கும் திலகவதியார் துணை நிற்பார். சித்திரைச் சதயத்தன்று அப்பர் பெருமானின் குருபூசையில் கைகூப்பும் அன்பர்கள், அவரை வாழ வைத்த அவ்வன்னைக்கும் ஒரு மலர் சாத்துவோமாக.