உலோகத்தின் சுற்றத்தைக் கண்டவர்

டெட்ராசைக்ளின் மாத்திரையைப் பாலுடன் விழுங்கலாகாது என்று மருத்துவர்கள் எச்சரிப்பதுண்டு. பாலிலுள்ள கால்சியம் அயனியை அம்மருந்து பற்றிக்கொள்கிறது. அவ்வாறு உண்டாகும் அணைவுச் சேர்மம் குடலில் எளிதில் உறிஞ்சப்படுவதில்லை. இரும்புச்சத்து மாத்திரையும் இதே இடையூற்றை விளைவிக்கும். உலோகமும் மருந்தும் இவ்வாறு கைகோக்கும் விதத்தை அறிய விரும்புவோர் ஆல்பிரட் வெர்னரின் வாழ்க்கையை அறிதல் நன்று.

வெர்னர் 1866-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், பிரான்சு நாட்டின் அல்சாஸ் பகுதியில், முலூஸ் நகரில் பிறந்தார். அவருடைய இளமையிலேயே, 1871-இல், போரில் தோற்ற பிரான்சு அப்பகுதியை ஜெர்மனியிடம் இழந்தது. வீட்டில் பிரெஞ்சு மொழி நிலைத்தது. ஆயினும் தம் ஆய்வுகளைப் பெரும்பாலும் ஜெர்மன் மொழியிலேயே அவர் எழுதினார். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பயின்று, 1890-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் இரசாயன அறிஞர்களை ஒரு புதிர் வாட்டியது. கோபால்ட் குளோரைடு ஒன்று ஆறு அம்மோனியா மூலக்கூறுகளுடன் சேரும்போது, அதன் மூன்று குளோரினும் வெள்ளி நைட்ரேட்டுடன் வீழ்படிவாகும். அம்மோனியா ஐந்தாகக் குறைந்தால் இரண்டு குளோரினே வீழ்படியும். மற்றொன்று எங்கே ஒளிந்தது?

1893-இல், இருபத்தாறு வயது வெர்னர் விடை கூறினார். உலோக அணுவுக்கு இருவகை இணைதிறன் உண்டு. அதனைச் சுற்றி ஆறு அல்லது நான்கு இடங்கள், வடிவ ஒழுங்குடன் அமைந்துள்ளன. அவ்விடத்தில் அமர்ந்த குளோரின் எளிதில் பிரிவதில்லை. துணிவான கொள்கைதான், ஆனால் அதற்குச் சோதனைச் சான்று அப்போது மிகக் குறைவு. கோபன்ஹேகன் அறிஞர் யோர்கென்சென் இதனை வன்மையாக எதிர்த்தார்.

வெர்னர் சொற்போரில் காலம் கழிக்கவில்லை. தம் கொள்கை உண்மையாயின், நான்கு அம்மோனியாவும் இரண்டு குளோரினும் சூழ்ந்த கோபால்ட் உப்பு, பச்சை நிறத்தோடு ஊதா நிறத்திலும் கிடைக்க வேண்டும் என்றார். பதினான்கு ஆண்டுகள் சென்றபின், 1907-இல், அந்த ஊதா உப்பைப் பிரித்தெடுத்தார். யோர்கென்சென் தம் எதிர்ப்பைக் கைவிட்டார். தோல்வியை ஒப்பிய அப்பெருந்தன்மையும் நினைக்கத்தக்கதே. 1913-இல் வெர்னருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நெடுநாள் நோயுற்று, 1919-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள், ஐம்பத்திரண்டு வயதில் அவர் மறைந்தார்.

அவருடைய கொள்கையின் மருத்துவப் பயன் பின்னரே வெளிப்பட்டது. ஒரு பிளாட்டினம், இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரின் கொண்ட சேர்மங்கள் இரண்டு முன்பே அறியப்பட்டிருந்தன. இவை சதுரத்தின் மூலைகளில் அமைந்த வேறுபாட்டால் இரண்டாயின என்று 1893-லேயே வெர்னர் விளக்கினார். 1960-களில் அமெரிக்க அறிஞர் ரோசன்பர்க், குளோரின்கள் அருகருகே அமைந்த சேர்மம் புற்றுநோயை எதிர்ப்பதைக் கண்டார். அதுவே சிஸ்பிளாட்டின், 1978-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. எதிரெதிரே அமைந்த மற்றதற்கு அந்த ஆற்றல் இல்லை.

அணுக்கள் அவையே, எண்ணிக்கையும் அதுவே. அமர்ந்த இடம் மாறியதால் ஒன்று உயிர் காக்கிறது, மற்றது பயனற்றுப் போகிறது. பயன் எதுவும் கருதாது எழுப்பிய கேள்விக்குக் கிடைத்த விடையே, இன்று நோயாளியின் படுக்கையருகே நிற்கிறது.