சேர் பொன்னம்பலம் அருணாசலம் சரித்திரம்

சிவமயம்

இளைஞர்காள்! உடம்பு வளர்தற்கு உணவும் காலமும் போதும். ஒருவன் நன்மகனாய் வளர்தற்கு அவை போதா. அட்டன், நுவரெலியா முதலிய மலைநாட்டுத் தோட்டங்களிலே பிறந்து வளரும் நீங்கள், உங்கள் முன்னோர்க்குப் பெருநன்மை செய்த ஒருவருடைய சரித்திரத்தை அறிதல் வேண்டும். அவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள்.

இவர் 1853ஆம் ஆண்டு கொழும்பிலே சைவ வேளாளர் குலத்திற் பிறந்தார். தந்தையார் பொன்னம்பல முதலியார், கொழும்புக் கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுரர் ஆலயத்தைத் தாபித்தவர். அவ்வாலயத்தைப் பின்னாளிலே கருங்கல்லினாற் புதுக்கிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவருக்குத் தமையனார். அருணாசலம் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலே கற்று, 1875ஆம் ஆண்டு, போட்டிப் பரீட்சை வாயிலாக இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரானார். நீதிபதியாகவும், பதிவாளர் நாயகமாகவும், 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின் தலைவராகவும் இருந்து, செம்மையாகக் கடமை செய்தார்.

மேனாட்டுக் கல்வி இவருடைய சமயப் பற்றைக் குறைத்ததில்லை. தஞ்சாவூர் அருட்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்டு ஞானசாத்திரங்களைக் கற்றார். திருவாசகத்திற் சில பகுதிகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பொலநறுவையிலே அகழ்ந்தெடுக்கப்பட்ட நடராசத் திருமேனியின் தத்துவப் பொருளைப் பிறமதத்தவர்க்கும் விளங்க எழுதினார்.

1913ஆம் ஆண்டு உத்தியோகத்தினின்றும் இளைப்பாறினார். சேர் பட்டமும் பெற்றார். செல்வமும் புகழும் வாய்ந்த அறுபது வயதினர் வீட்டிலே சுகித்திருப்பின் அவரைக் குறை கூறுவார் இலர். இவரோ 1915ஆம் ஆண்டு சமூக சேவைச் சங்கத்தைத் தாபித்து, கொழும்பு ஏழைகளின் நலத்தை நாடினார். அதன் பின்னர் தோட்டத் தொழிலாளர் துயரத்திலே தம் கருத்தைச் செலுத்தினார்.

அத்துயரம் யாது? தென்னிந்தியாவினின்றும் வருங் குடும்பத்துக்கு வழிச்செலவு முதலியவற்றின் பொருட்டுக் கங்காணி முன்பணம் கொடுப்பர். அது கடனாய் நிற்கும். அக்குடும்பம் வேறு தோட்டம் செல்ல விரும்பின், இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுப்பர். அச்சீட்டுக்கே துண்டு என்று பெயர். புதிய தோட்டத்தார் அத்தொகையைச் செலுத்தித் தொழிலாளரை ஏற்பர். ஏற்றபின் அதனை மீண்டும் தொழிலாளர் மேலேயே கடனாக வைப்பர். தோட்டம் மாறினும் கடன் மாறாது. துண்டின்றி நீங்கினாலோ, 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி அபராதமும் மறியலும் நேரும். பட்ட கடனுக்காக மனிதர் கைமாறப்பட்ட இக்கொடுமையைக் கண்டறிந்தோர் பலர். கண்டும் தம்வழியே சென்றோரே மிகப் பலர்.

அருணாசலம் அங்ஙனம் செல்லவில்லை. 1919ஆம் ஆண்டு, தமது 65ஆம் வயதிலே, தொழிலாளர் நலச் சங்கத்தைத் தாபித்து, துண்டு முறையையும் தண்டனை விதிகளையும் ஒழிக்குமாறு அரசினரிடத்து இடைவிடாது முறையிட்டார். அச்சங்கத்துக்குக் காரியதரிசியாக அமைந்தவர், தோட்டப்பகுதியிலே பிறந்து கேம்பிரிட்ஜிற் கற்றுவந்த பெரி. சுந்தரம் என்னும் இளைஞர். அவரே 1931ஆம் ஆண்டு அட்டன் தொகுதியினின்றும் அரசாங்க சபைக்குச் சென்று, தொழில் மந்திரியுமாயினார். இந்திய அரசினர் வற்புறுத்தலும் பிறர் முயற்சியும் துணையாக, 1921ஆம் ஆண்டு துண்டு முறை சட்டத்தால் நீக்கப்பட்டது.

1919ஆம் ஆண்டு தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசுக்கு முதற்றலைவரும் இவரே. தமிழர்க்குக் கொடுக்கப்பட்ட வாக்குக் காக்கப்படாமை கண்டு, 1921ஆம் ஆண்டு அச்சபையினின்றும் விலகினார். பதவியினும் வாய்மையே பெரிதெனக் கொண்டார்.

இளைஞர்காள்! அவர் செல்வர், கற்றவர். லயத்திலே வாழும் எம்மால் என்ன இயலும் என்று கூறற்க. செல்வம் அவருக்குப் பிறப்பினால் வந்தது. அதனால் அவர் மேம்பட்டாரல்லர். தம்மைத் தீண்டாத துன்பத்தையும் தம்முடையதாகக் கொண்டமையாலேயே மேம்பட்டார். அது யாவர்க்கும் இயல்வதே. எழுத்தறியாத முதியோர்க்கு வந்த கடிதத்தைப் பொறுமையோடு படித்துக் காட்டுக. அவர் பேரேட்டுக் கணக்கிலே பிழையிருப்பின் பணிவோடு எடுத்துச் சொல்லுக. வாசித்து அறியாத பத்திரத்திலே கையொப்பம் இடற்க. மதுவுக்கும் வீண் ஆடம்பரத்துக்கும் கடன் படற்க. உங்கள் முன்னோர் கழுத்திலிருந்து அரிதின் நீக்கப்பட்ட கயிற்றை நீங்களே எடுத்து அணியலாமோ? சொன்ன சொல்லைக் காக்க. கற்றபின் பட்டினம் சென்று வாழினும், பெற்றோர் கொழுந்து கொய்த மலையை மறவற்க. நாடோறும் திருநீறணிந்து சிவபெருமானை வழிபடுக. அவ்வழிபாடு அயலார் துன்பத்தைக் காணும் கண்ணைத் தராதாயின், அது நிரம்பிய வழிபாடன்று.

அருணாசலம் அவர்கள் 1924ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே, தலயாத்திரை செய்யும்போது, மதுரையம்பதியிலே சிவபதம் அடைந்தார். அவர் இறுதி நாட்களும் அடியவராகவே கழிந்தன. அவரை நினைத்தல் என்பது, அவர் தொடங்கியதை நம் லயத்தளவிலேனும் தொடர்ந்து செய்தலேயாம். அதற்குத் திருவருள் துணைபுரிக.

திருச்சிற்றம்பலம்.