தேக்கின் வயதை எண்ணியவர்

ஆரணியில் எங்கள் வீட்டுத் தறியைப் பழுது பார்க்க வந்த தச்சர், பழைய தேக்குக் கட்டை ஒன்றின் முனையை அறுத்தார். அறுத்த முகத்தில் வட்டத்துக்குள் வட்டமாகக் கோடுகள். தாவரவியல் வகுப்பில் படித்த ஆண்டு வளையங்கள் அவை என்று உணர்ந்து எண்ணத் தொடங்கினேன். நாற்பதைத் தாண்டியதும் கணக்குத் தவறிவிட்டது. இதே கோடுகளைக் கொண்டு காட்டுக்கே கணக்கு வகுத்த ஓர் அறிஞரைப் பற்றிப் பின்னர் நூலகத்தில் தேடிப் படித்தேன். அவர்தாம் டீட்ரிச் பிராண்டிஸ்.

1824-இல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்து, அங்கேயே தாவரவியல் கற்பித்து வந்தவர் அவர். 1856-இல் பர்மாவின் பெகுப் பகுதித் தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்றார். ஆங்கில அரசுக்குத் தேக்கு வேண்டும், காடும் அழியக்கூடாது. ஆண்டுக்கு எத்தனை மரம் வெட்டலாம் என்று சொல்ல, மரம் வளரும் வேகம் தெரிய வேண்டுமல்லவா?

வெப்ப நாட்டு மரங்கள் பலவற்றில் வளையங்கள் தெளிவாக இரா. தேக்கு அப்படியன்று. வறண்ட காலத்தில் இலையுதிர்த்து ஓய்கிறது. மீண்டும் வளரத் தொடங்கும்போது பெரிய துளைகள் உடைய கட்டையை முதலில் உண்டாக்குகிறது. ஊடை மேல் ஊடை விழுந்து சேலை வளர்வது போல, ஆண்டுக்கு ஒரு வளையம் கூடுகிறது. இவ்வளையங்களே பிராண்டிசுக்கு ஏடாயின.

அவர் யானைமீது காட்டை வலம் வந்தார். மரங்களைப் பருமன்படி வகுத்து, வகுப்புக்கு ஒரு குச்சி வைத்துக்கொண்டார். வழியில் தேக்கைக் காணுந்தோறும் உரிய குச்சியில் கத்தியால் ஒரு வெட்டு. இந்த எண்ணிக்கையையும் வளர்ச்சி வேகத்தையும் இணைத்து, ஆறடிச் சுற்றளவு எய்திய பெருமரங்களிலும் புதிதாக அந்த அளவை எட்டும் மரங்களின் அளவுக்கே வெட்டலாம் என வரையறுத்தார். விளைச்சலை உண், விதைநெல்லைத் தொடாதே என்னும் உழவர் நெறிதான் இது!

1864-இல் இந்தியாவின் முதல் காட்டுத்துறைத் தலைவரானார். 1878-இல் டேராடூனில் வனப்பள்ளி தோன்றக் காரணமாயிருந்தார். சென்னை மாகாணத்துக்கும் வந்து, 1882-ஆம் ஆண்டுக் காட்டுச் சட்டம் உருவாகத் துணைநின்றார்.

இங்கே என் மனம் தயங்குகிறது. ஊர்மக்களுக்கெனத் தனிக்காடுகள் வேண்டும், அவர்தம் உரிமைகள் மதிக்கப்பட வேண்டும் என்று பிராண்டிஸ் வாதாடினார். அரசோ காட்டைத் தன் உடைமையாக்குவதிலேயே முனைந்தது. மரத்தின் ஆண்டுகளை எண்ணத் தெரிந்த ஆட்சி, தலைமுறை தலைமுறையாக அம்மரத்தடியில் வாழ்ந்தவரின் ஆண்டுகளை எண்ணவில்லை. நமக்கு மேற்கே உள்ள ஜவ்வாது மலையை நினைக்கும்போதெல்லாம் இவ்வெண்ணம் என்னை விட்டகல்வதில்லை.

1883-இல் பணி துறந்தார். ஆயினும் கற்பது ஓயவில்லை. இந்திய மரங்களைப் பற்றிய அவரது பெருநூல் 1906-இல், அவருடைய 82-ஆம் வயதில் வெளிவந்தது. மறு ஆண்டே பானில் மறைந்தார். இன்று புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் கேரளத் தேக்கின் வளையங்களைக் கொண்டு பழங்கால மழையையே ஆராய்கின்றனர்.

நண்பர்களே, அறுத்துப் போட்ட அந்தத் தேக்குத் துண்டு என் மேசைமேல் இருக்கிறது. நாற்பதுக்கு மேல் இன்னும் எண்ண வேண்டும். எண்ணி முடிக்குமுன் வெட்டாதிருக்கக் கற்பதே அவர் வாழ்வு எனக்குத் தந்த பாடம்.

— மூன்றாம் ஆண்டு, தாவரவியல்