சென்னையிற் கற்ற ஆசிரியர்

ஒருவர் பேச ஐம்பது பேர் கேட்டிருப்பதைக் காட்டிலும், மாணவர் கூடிப் பேசிக் கணக்குப் போடுவதே பொறியியற் கல்விக்கு ஏற்றது என்று இன்று அறிஞர் பலர் ஆய்ந்து கூறுகின்றனர். இதைப் புதுமையென எண்ண வேண்டா. இதன் வேர்களுள் ஒன்று நம் எழும்பூரில் இருக்கின்றது.

ஆண்ட்ரு பெல் 1753இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் முடிதிருத்துவோர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். கணிதத்தில் தேர்ந்தவர், சமய குருவாகி 1787இல் சென்னை வந்தார். 1789இல் எழும்பூர் ஆண்கள் ஆதரவில்லம் அவர் பொறுப்பில் வந்தது. ஐரோப்பியப் படைவீரர்கள் விட்டுச்சென்ற பிள்ளைகள் அங்கே வளர்ந்தனர். ஊதியம் வேண்டாமென்றார்.

ஒருநாட் காலை குதிரையேறிச் சென்றவர், திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். எங்கள் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆசான் பள்ளிகளிலும் இதே மணலெழுத்துத்தான். என் பாட்டி அப்படித்தான் தமிழும் மலையாளமும் கற்றாள். இல்லம் திரும்பிய பெல் அம்முறையைக் கைக்கொள்ளச் சொன்னார். ஆசிரியர்கள் முடியாதென்றனர். அவர் வாதாடவில்லை, ஜான் ஃப்ரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்துவிட்டார்! பையன் வென்றான். பிறகு இல்லம் முழுதும் வல்லவனும் மெலிந்தவனுமாக இணை இணையாய் அமர்ந்து படித்தனர்.

1794இல் மைக்கேல் டாப்பிங் எட்டு மாணவருடன் நில அளவைப் பள்ளி தொடங்கினார். அதற்குப் பிள்ளைகளைத் தந்தது இவ்வில்லமே. அப்பள்ளிதான் வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரி ஆயிற்று.

பெல் 1796இல் தாயகம் திரும்பி, மறு ஆண்டே லண்டனில் தம் சோதனையை நூலாக்கினார். சென்னை முறை என்ற பெயரில் அது ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. குறையும் சொல்லத்தான் வேண்டும். அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஓர் ஆசிரியரும் சில சட்டாம்பிள்ளைகளும் மேய்த்தனர். செலவு குறைந்தது, கற்பித்தல் வெறும் ஒப்பித்தலாயிற்று. ஏழைப் பிள்ளைகள் எல்லோர்க்கும் எழுத்தும் கணக்கும் வேண்டியதில்லை என்று பெல்லே பின்னாளில் எழுதினார். மணலில் எழுதக் கண்டு கற்றவர் இப்படி எழுதலாமா?

ஆய்வகத்தில் முதலாண்டுப் பொறியியல் மாணவர்க்கு உதவியாக நிற்கும் நானும் ஒன்று கண்டேன். மூவரைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவன் செய்ய இருவர் வேடிக்கை பார்ப்பர். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே காரணம் கேட்பேன் என்று முன்பே சொல்லிவிட்டால்தான் மூவரும் பேசுகின்றனர்.

பெல் 1832இல் மறைந்து வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கமானார். பெருஞ்செல்வத்தைக் கல்விக்கே எழுதிவைத்திருந்தார். அதனால் அவர் பிறந்த ஊரில் 1833இல் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.