விளையாட்டின் மொழி அறிந்தவர்

பெரியவர்கள் தம் துயரத்தைச் சொல்லி ஆறுவர். சொல்லத் தெரியாத குழந்தையின் துயரமோ விளையாட்டில் வெளிப்படும். அவ்விளையாட்டைக் கூர்ந்து நோக்கிக் குழந்தை உளநலத் துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர் அன்னா பிராய்டு.

உளப்பகுப்பாய்வின் தந்தை எனப் போற்றப்படும் சிக்மண்ட் பிராய்டின் ஆறு மக்களுள் இளையவராக, 1895ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் அன்னா பிறந்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெறாத அவர், தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியராகப் பணியாற்றினார். குழந்தைகளின் இயல்பை முதலில் அவருக்கு உணர்த்தியது அவ்வகுப்பறையே.

1920களில் அவர் குழந்தைகளுக்கு உளச்சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். பெரியவர்கள் தாமே விரும்பிச் சிகிச்சைக்கு வருவர். குழந்தையையோ பெற்றோர் அழைத்து வருவர். ஆகவே, முதலில் குழந்தையின் நம்பிக்கையைப் பெறவேண்டும் என்று அன்னா கருதினார். தம்மிடம் வந்த சிறுமியின் பொம்மைகளுக்கு உடை பின்னித் தந்தார். சிறுவன் ஒருவனுக்குக் கடிதங்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார். மெலனி கிளைன் என்னும் அறிஞர் குழந்தையின் ஒவ்வொரு விளையாட்டுக்கும் மறைபொருள் கண்டார். அன்னாவோ விளையாட்டோடு குழந்தை வாழும் இல்லத்தையும் சேர்த்து நோக்கினார். பெற்றோரின் துணையின்றிச் சிகிச்சை முழுமை பெறாது என்றார்.

1938இல் நாசிப் படையினர் ஆஸ்திரியாவைக் கைப்பற்றினர். யூதக் குடும்பத்தவரான அன்னா, கெஸ்டபோ என்னும் இரகசியக் காவல் துறையின் விசாரணைக்கு உள்ளானார். அவ்வாண்டிலேயே குடும்பத்துடன் இலண்டனுக்குப் புலம்பெயர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் அந்நகர் குண்டுவீச்சுக்கு இலக்கானபோது, தோழி டோரதி பர்லிங்காமுடன் இணைந்து ஹாம்ஸ்டெட் பகுதியில் குழந்தைகள் காப்பகம் அமைத்தார்.

அங்கிருந்த நான்கு வயதுச் சிறுவன் ஒருவனின் தந்தை குண்டுவீச்சில் இறந்திருந்தார். அவன் காகித வீடுகளைக் கட்டி, கோலிக்குண்டுகளை அவற்றின்மீது வீசி விளையாடினான். ஆனால், அவ்விளையாட்டில் எவரும் இறப்பதில்லை. இடிந்த வீடுகளும் மீண்டும் எழுந்துவிடும். தந்தையின் இறப்பை ஏற்க இயலாத மனம் அவ்விளையாட்டில் தஞ்சம் புகுந்திருந்தது. பல திங்கள் கழிந்தபின், தந்தை இனித் திரும்பமாட்டார் என்பதை அவனே வாய்விட்டுச் சொன்னான். அதன்பின் அவ்விளையாட்டு தேவையற்றுப்போயிற்று.

குண்டுகளின் முழக்கத்தைவிடத் தாயைப் பிரிவதே குழந்தையை மிகுதியும் வருத்துகிறது என்பதை அன்னா அங்குக் கண்டறிந்தார். ஆகவே, அன்னையர் எந்நேரமும் வந்து தம் குழந்தைகளைக் காண வழிசெய்தார். குழந்தைகளைச் சிறுசிறு குடும்பங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தாய்போன்ற பணியாளர் ஒருவரைப் பொறுப்பாக்கினார்.

போர் முடிந்தபின், பெற்றோரை நாசிக் கொடுமைக்குப் பலிகொடுத்த ஆறு குழந்தைகள் தெரேசியன்ஸ்டாட் முகாமிலிருந்து இங்கிலாந்துக்கு அழைத்து வரப்பட்டனர். ஏறத்தாழ மூன்று வயதினரான அவர்கள், தமக்குத் தரப்பட்ட பொம்மைகளை உடைத்தெறிந்தனர், பெரியவர்களை வெறுத்தனர். ஆயினும், ஒருவரைவிட்டு ஒருவர் பிரிய மறுத்தனர். அப்பிணைப்பே அவர்களைக் காத்தது என்பதை அன்னா தம் ஆய்வில் எடுத்துரைத்தார். பொறுமையான பராமரிப்பால் அவர்கள் நாளடைவில் பெரியவர்களிடமும் அன்பு கொண்டனர்.

1947இல் குழந்தை உளச்சிகிச்சைப் பயிற்சியையும் 1952இல் ஹாம்ஸ்டெட் மருத்துவ நிலையத்தையும் அவர் நிறுவினார். 1982ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள் இயற்கை எய்தினார்.

இன்று ஆற்றுப்படுத்துநர்கள் குழந்தையின்முன் பொம்மைகளையும் வண்ணங்களையும் வைத்துக் காத்திருக்கின்றனர். பெற்றோரையும் அழைத்துப் பேசுகின்றனர். குழந்தையின் மனத்தைத் திறக்கும் திறவுகோல் அதன் கையிலேயே உள்ளது. அருகமர்ந்து பொறுமையோடு காண்பதே பெரியோர் கடன் என்பதை அன்னாவின் வாழ்வு உணர்த்துகிறது.